கிறிஸ்மஸ் மரத்துக்குப் பயந்தா மார்கழி யாருக்கு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னா வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் நேர்ல வந்து திட்டுங்க, நாங்க பாத்திரம் கழுவுற இடத்துலதான் இருப்போம்.

டிசம்பர் பொறந்ததிலேர்ந்து நம்ம கோயில் புலனக் குழுவில ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. எங்கிருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியல, மூணு நாலு பேர் மாத்தி மாத்திப் போட்டுட்டாங்க. இந்துப் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பேரங்காடியில கிறிஸ்மஸ் மரத்துக்கு முன்னாடி நிறுத்திப் படம் எடுக்கக்கூடாதாம். கிறிஸ்தவர் வீட்டு கேக்கைச் சாப்பிடக்கூடாதாம். வாழ்த்துக்கூடச் சொல்லக்கூடாதாம். அதைப் படிச்ச சில பேர், "கோயில் சார்பா நீங்களே இதை ஓர் அறிவிப்பா போட்டுடுங்க, அப்பதான் ஜனங்க கேப்பாங்க"ன்னு எங்ககிட்ட சொன்னாங்க.

போடமாட்டோம். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்த பெரியவங்க நம்ம கோயிலுக்கு நிறைய பேர் வர்றீங்க. உங்களுக்கு நாங்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஒரு லயத்துல இருபது வீடுன்னா ரெண்டு மூணு வீடு வேதக்காரங்க வீடா இருக்கும். அப்ப அப்படித்தான் சொல்லுவோம், வேதக்காரங்க. தீபாவளிக்கு நம்ம வீட்டுத் தட்டு அங்க போகும். தட்டைக் காலியாத் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு அவங்க கொஞ்சம் சீனியாவது போட்டுக் குடுப்பாங்க. டிசம்பர் கடைசியில அதே தட்டு அந்தப் பக்கத்துலேர்ந்து வரும். அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அப்புறம் தகர அடுப்புல மேலயும் கீழயும் நெருப்பு போட்டுச் சுட்ட கேக். ஒரு பக்கம் கருகி இருக்கும், ஆனா அதுக்காகப் பிள்ளைங்க ஒரு மாசம் காத்துக் கிடக்கும். மூங்கிலைச் சீவி, கலர் காகிதம் ஒட்டி, உள்ள விளக்கு வெச்சு ஒரு நட்சத்திரம் வாசல்ல தொங்கும். அதை ஒட்டுறதுக்குப் பசை காய்ச்சினது பாதி நேரம் நம்ம வீட்டுப் பையங்கதான். அதே மாதிரி நம்ம அம்மன் திருவிழாவுக்குப் பந்தல் கால் நட வந்த கூட்டத்துல கழுத்துல சிலுவை போட்ட அண்ணன்மாருங்க இருந்தாங்க. தோட்டத்துல சம்பளமும் ஒண்ணு, கஷ்டமும் ஒண்ணு. பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடும்போது யாரும் மதத்தைக் கேக்கல.

இதைப் பழங்கதைன்னு ஒதுக்கிட முடியாது. இன்னைக்கு ஏன் இந்த மாதிரி செய்தி வந்தா உடனே பயம் வருதுன்னு யோசிச்சுப் பாத்தோம். தோட்டத்தை வித்தாங்க, செம்பனையாச்சு, அப்புறம் வீடமைப்புப் பகுதியாச்சு. நம்ம ஜனங்க தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பிரிஞ்சு போயாச்சு. லயத்துல கிறிஸ்தவர்னா பக்கத்து வீட்டு மாமா, அவர் குடிச்சா எந்தப் பாட்டைப் பாடுவாருங்கிறது வரைக்கும் தெரியும். தாமான்ல கிறிஸ்தவர்னா யாரோ அனுப்பின ஒரு செய்தி. முகம் தெரியாத ஆளைப் பத்தித்தான் எதைச் சொன்னாலும் நம்பத் தோணும்.

அந்த மரத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. பேரங்காடியில நிக்கிற நெகிழி மரத்துக்கும் பைபிளுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஜெர்மன் பகுதிகள்ல பனிக்காலத்துல வீட்டுக்குள்ள பச்சை மரம் வெச்ச பழக்கம் அது. இங்கிலாந்துல அரச குடும்பம் அந்த மரத்தைச் சுத்தி நிக்கிற படம் 1848-ல ஒரு பத்திரிகையில வந்த பிறகுதான் அந்த நாட்டு மக்கள் மத்தியில பரவிச்சு. அப்புறம் வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் போச்சு. டிசம்பர் 25-ங்கிற தேதியே நாலாம் நூற்றாண்டுல ரோமாபுரியில நிலைச்ச தேதி. வீட்டுல குடில் வெக்கிறாங்களே, மாட்டுக்கொட்டகை, வைக்கோல், குழந்தை, அந்த வழக்கத்துக்கு 1223-ல இத்தாலியில கிரெச்சியோங்கிற ஊர்ல பிரான்சிஸ் அசிசியார் அமைச்ச குடிலைத்தான் தொடக்கமாச் சொல்றாங்க. நம்ம நவராத்திரிக்குப் படி கட்டிக் கொலு வெக்கிறோமே, அதைப் பாக்குற பிள்ளைக்கு வர்ற அதே சந்தோஷம்தான் குடிலைப் பாக்குற பிள்ளைக்கும் வருது. சின்னப் பொம்மை, சின்ன மாடு, சின்ன விளக்கு. நாலு வயசுப் பிள்ளைக்கு அதுல வேதாந்தம் எதுவும் தெரியாது. மாடு எங்க, ஆடு எங்கன்னு எண்ணும்.

இதைப் பாத்துட்டா மதம் மாறிடும்னா, நாப்பது வருஷமா கேக் சாப்பிட்ட நம்ம பெரியவங்க எல்லாம் இந்நேரம் எங்க இருக்கணும்? முன்வரிசையில உக்காந்து தேவாரம் பாடிக்கிட்டு இருக்காங்க. ஜூலை மாசம் புக்கிட் மெர்தாஜாம் சென்ட் ஆன்ஸ் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தப் போற இந்துக்கள் எத்தனை பேர்! போயிட்டு வந்து ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊத்துறாங்க. அம்மனும் கோவிச்சுக்கல.

தமிழ்ப் பக்கம் வந்தா இன்னும் நிறைய இருக்கு. மார்கழியில நம்ம பாடுற திருவெம்பாவை இருக்கிறது மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்துல. அந்தத் திருவாசகத்தை முழுசா ஆங்கிலத்துல மொழிபெயர்த்து 1900-ல வெளியிட்டவர் ஜி.யு.போப், ஒரு பாதிரியார். அதுக்கு முன்னாடி 1886-ல திருக்குறளையும் அவர்தான் கொண்டுபோனார். நமக்கு இன்னும் கிட்டத்துல, நம்ம மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏத்திருந்த தனிநாயகம் அடிகளார் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1966 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததுன்னு பெருமையாச் சொல்றோமே, அதை முன்னின்று நடத்தினவர் அவர். தாய்லாந்து அரச சடங்குகள்ல திருவெம்பாவை இன்னைக்கும் ஒலிக்குதுங்கிற செய்தியைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொன்னவங்கள்ல அவரும் ஒருத்தர். நம்ம மார்கழிப் பாட்டு பாங்காக் வரைக்கும் போன கதையை அங்கி போட்ட ஒரு சாமியார் சொல்லி நாம தெரிஞ்சுக்கிட்டோம். இந்த மாதிரி ஆளுங்களோட பண்டிகைக்கு வாழ்த்துச் சொன்னா நாக்கு அழுகிடுமா?

இப்ப விஷயத்துக்கு வர்றோம். இந்தப் பதிவை எழுத வெச்சது மேல சொன்ன வரலாறு எதுவும் இல்ல.

நம்ம கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம வர்ற ஒரு குடும்பம். பாட்டி, மகன், மருமகள், ரெண்டு பேரப்பிள்ளைங்க. பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு நாலு. மருமகள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணம் ரெண்டு முறையிலயும் நடந்துச்சு. அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவாங்க, வெள்ளிக்கிழமை இங்க வந்து அன்னதானத்துக்குப் பூண்டு உரிப்பாங்க. யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல, யாருக்கும் எதையும் போதிச்சதுமில்ல. வருஷா வருஷம் டிசம்பர் 24 ராத்திரி பிள்ளைங்க அம்மாச்சி வீட்டுக்குப் போய்த் தூங்கும். காலையில எழுந்து மாமா பசங்களோட பரிசுப் பொட்டலம் பிரிக்கும். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடும். அவ்வளவுதான் அவங்க வீட்டுக் கிறிஸ்மஸ்.

இந்தச் செய்தியைப் படிச்சதிலேர்ந்து பாட்டிக்குத் தூக்கம் இல்ல. "இந்த வருஷம் பிள்ளைங்கள அனுப்பலாமா ஐயா? பாவம் வந்துடுமா? கோயில்லயே கூடாதுன்னு சொல்றாங்களாமே"ன்னு எங்ககிட்ட வந்து நின்னாங்க. பக்கத்துல அந்தப் பெரியவன். பாட்டி சேலையைப் பிடிச்சுக்கிட்டு எங்களைப் பாத்துக் கேட்டான்: "நான் அம்மாச்சி வீட்டுக்குப் போனா சாமி கோவிச்சுக்குமா?"

ஆறு வயசுப் பிள்ளை அம்மாவைப் பெத்தவங்க வீட்டுக்குப் போறதுக்குச் சாமியை நெனச்சுப் பயப்படுறான். இந்தப் பயத்தைத்தான் அந்தச் செய்தி கொண்டுவந்து வீட்டுக்குள்ள வெச்சிருக்கு. நாங்க அவன்கிட்ட, "கோவிச்சுக்காது, அம்மாச்சிக்குக் கோயில் லட்டு எடுத்துட்டுப் போ"ன்னு சொன்னோம். பாட்டிகிட்டயும் அதையேதான் சொன்னோம், அனுப்புங்கம்மா.

இன்னொரு விஷயத்தைக் குழுவில இருக்கிறவங்க யோசிச்சீங்களான்னு தெரியல. அந்த மருமகளும் நம்ம புலனக் குழுவில இருக்காங்க. அன்னதானச் சமையலுக்கு ஆள் சேர்க்கும்போது அவங்க எண்ணையும் சேர்த்தோம். அந்தச் செய்தி அவங்க கைப்பேசிக்கும் மூணு தடவை போயிருக்கு. அதுக்கு மறு வெள்ளியும் வந்து பூண்டு உரிச்சாங்க. ஒரு வார்த்தை பேசல. அவங்க வீட்டுப் பண்டிகையைத் தீட்டுன்னு சொல்லிட்டு அவங்க உரிச்ச பூண்டுல சமைச்ச ரசத்தைக் குடிக்கிறது எந்தச் சாஸ்திரம்னு எங்களுக்குப் புரியல.

சரி, பயப்படுறவங்க எல்லாரும் பொல்லாதவங்கன்னு நாங்க சொல்லமாட்டோம். பயத்துக்கு ஒரு காரணமும் இருக்கு, அதையும் மூடி மறைக்க வேண்டாம். சில தாமான்கள்ல, அடுக்குமாடிகள்ல டிசம்பர் வந்தா விளையாட்டு விருந்துன்னு வேன் அனுப்பிப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறாங்க. பரிசு கொடுக்கிறாங்க. அப்புறம் வாராவாரம் வேன் வருது. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு, பிள்ளையைப் பாத்துக்க ஆள் கெடச்சா போதும்னு அனுப்பிடுறாங்க. ஆறு மாசம் கழிச்சு வீட்டு விளக்கு முன்னாடி பிள்ளை கும்பிட மாட்டேங்குதுன்னு எங்ககிட்ட வந்து அழுறாங்க. இது நடக்குது.

ஆனா இதுவும் சொந்தக்காரங்க வீட்டுக் கிறிஸ்மஸும் ஒண்ணு இல்ல. ஒருத்தர் வீட்டுல விருந்துக்குக் கூப்பிட்டா நம்மளையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாங்க. பெத்தவங்களை விட்டுட்டுப் பிள்ளையை மட்டும் கூப்பிடுறாங்கன்னா நீங்க கேள்வி கேக்கலாம், கேக்கணும். யார் நடத்துறாங்க, எங்க, எத்தனை மணிக்கு முடியும், நாங்களும் வந்து உக்காரலாமா? பதில் சரியில்லன்னா, "வேண்டாங்க, நன்றி"ன்னு மரியாதையாச் சொல்லிடலாம். நம்ம நாட்டு அரசியலமைப்புச் சட்டம் 12-ஆவது பிரிவு, நாலாவது உட்பிரிவே சொல்லுது, பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட மதத்தைத் தீர்மானிக்கிறது பெற்றோர் இல்லன்னா பாதுகாவலர். உங்க கையில சட்டம் இருக்கு. கேக்கை வேண்டாம்னு தள்ளுறதால அந்த வேன் நிக்காது. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைக்குப் போக வேற ஓர் இடம் இருந்தா நிக்கும்.

அந்த இடம் நம்ம கோயிலா இருக்கணும்கிறதுதான் எங்க ஆசை.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்தது கிடையாது. அமெரிக்காவுல ஹவாய் மாநிலத்துல காவாய் தீவுல ஒரு சைவ மடம் இருக்கு. அதை நிறுவின சற்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமி, அந்த நாட்டுல பொறந்து சைவத்துக்கு வந்தவர். அங்க இருக்கிற இந்துப் பிள்ளைங்க டிசம்பர்ல எல்லார் வீட்டுலயும் விளக்கும் பரிசும் பாத்து ஏங்குதுன்னு 1985-ல "பஞ்ச கணபதி"ன்னு ஒரு பண்டிகையை ஏற்படுத்தினாங்க. டிசம்பர் 21-லேர்ந்து 25 வரைக்கும் அஞ்சு நாள். வீட்டு நடுக்கூடத்துல அஞ்சு முகப் பிள்ளையாருக்கு ஓர் அலங்காரம். ஒரு நாளைக்கு ஒரு நிறம், மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை, ஆரஞ்சு. தினமும் பிள்ளைக்குப் பரிசு உண்டு, ஆனா பிரிக்கக்கூடாது, பிள்ளையார் முன்னாடி வெச்சுடணும். அஞ்சாம் நாள்தான் எல்லாத்தையும் பிரிக்கலாம்.

இதை நம்ம கோயில்லயும் செய்யலாமேன்னு ஒரு தம்பி கேட்டார். எங்க கருத்தைச் சொல்றோம், நீங்க மாறுபடலாம். அங்க சுத்திலும் கோயில் இல்ல, மார்கழி பஜனை இல்ல, பக்கத்துத் தெருவுல கோலம் இல்ல. அந்த ஊருக்கு அது தேவைப்பட்டுச்சு, ரொம்ப யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. நமக்கு அதே அஞ்சு நாள் மார்கழிக்குள்ள விழுது. வீட்டு வாசல்ல ஆறு ஓடும்போது குழாய் போட வேண்டாம். ஆனா அதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கலாம்னு தோணுது. முதல் நாள், மஞ்சள் நாள், குடும்பத்துக்குள்ள இருக்கிற மனஸ்தாபத்தைத் தீர்த்துக்கிற நாளாம். ஒருத்தரை ஒருத்தர் புண்படுத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குள்ள சமாதானம் பண்ணிக்கணும். அப்புறம்தான் அக்கம்பக்கம், வேலையிடம், கலை, தர்மம் எல்லாம். பாட்டியும் மருமகளும் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இந்த முதல் நாள் தேவை.

சின்னப் பிள்ளைங்க இன்னொரு கேள்வி கேக்கும், பல பெற்றோர் எங்ககிட்ட சொல்லியிருக்கீங்க. "சாண்டா ஏன் நம்ம வீட்டுக்கு வரமாட்டேங்கிறாரு?" கையில காசு இல்லாத வீட்டுல இந்தக் கேள்வி நெஞ்சைக் குத்தும். "அது அவங்க சாமி, நம்மளுக்கு வராது"ன்னு அதட்டுறதும் வேண்டாம், கடன் வாங்கிப் பொம்மை வாங்கி வெக்கிறதும் வேண்டாம். உண்மைக் கதையைச் சொல்லுங்க. இப்ப துருக்கி நாட்டுல இருக்கிற மீரா ஊர்ல, நாலாம் நூற்றாண்டுல நிக்கலஸ்னு ஓர் ஆயர் இருந்தார். மூணு பொண்ணுங்களைக் கரையேத்த வழியில்லாத ஒரு தகப்பன் வீட்டுக்குள்ள ராத்திரியில யாருக்கும் தெரியாம தங்கக் காசுப் பையைப் போட்டுட்டுப் போனார்னு அவரைப் பத்திக் கதை. அந்த நிக்கலஸ்தான் பின்னாடி சாண்டா ஆனார், சிவப்புச் சட்டை எல்லாம் பிறகு வந்தது.

அதைச் சொல்லிட்டு அதே ராத்திரி நம்ம இளையான்குடி மாறநாயனார் கதையையும் சொல்லுங்க. கொட்டுற மழை, நடு ராத்திரி, வாசல்ல பசியோட ஓர் அடியார். வீட்டுல ஒரு பிடி அரிசி இல்ல. அன்னைக்குப் பகல்ல வயல்ல விதைச்ச நெல்லை இருட்டுல கையால தடவி அள்ளிட்டு வர்றார். அடுப்பெரிக்க விறகு இல்ல, வீட்டுக் கூரைக் கட்டையை வெட்டிக் குடுக்கிறார். அந்த அம்மா அந்த நெல்லை வறுத்துக் குத்தி, கீரையைக் கறியாக்கிப் போடுறாங்க. ரெண்டு கதையும் கேட்ட பிள்ளை, "ரெண்டு பேருமே ராத்திரியிலதான் குடுத்தாங்களா?"ன்னு கேக்கும். கேட்டுச்சு, எங்க சனிக்கிழமை வகுப்புல ஓர் அஞ்சு வயசுப் பிள்ளை. அப்புறம் அதுவே, "நானும் யாருக்கும் தெரியாம குடுப்பேன்"னு சொல்லிட்டுத் தன்னோட ரப்பரைப் பக்கத்துப் பிள்ளை பையில போட்டுச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.

விடுமுறை விஷயம். கோவிட்டுக்கு அப்புறம் சில வருஷம் பள்ளித் தவணை மார்ச் வாக்குல தொடங்கினதால டிசம்பர்ல அந்தப் பழைய நீண்ட விடுமுறை இல்லாமப் போயிருந்துச்சு. 2026-லேர்ந்து தவணை ஜனவரிக்கே திரும்புது. அதனால வருஷக் கடைசியில பிள்ளைங்க மறுபடியும் வீட்டுல இருக்கும், அதுவும் சரியா மார்கழியில. இதைவிட நல்ல நேரம் நமக்கு அமையாது.

"விடியக்காலம் பிள்ளையை எப்படி எழுப்புறது?"ன்னு கேக்குறீங்க. தமிழ்நாட்டுல நாலரைக்கு எழுந்தாங்கன்னு நாமளும் நாலரைக்கு எழுப்ப வேண்டியதில்ல. நம்ம தீபகற்பத்துல 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சாங்க, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால டிசம்பர்ல நமக்குச் சூரியன் வர்றதே ஏழு மணிக்கு மேல. ஆறு மணிக்கு வந்தாலும் வானம் இருட்டாத்தான் இருக்கும், விடியலுக்கு முந்தின பூஜைதான் அது. ஆறு மணி ஒரு பிள்ளைக்கு முடியாத நேரம் கிடையாது. லங்காவிக்குப் போகணும்னா நாலு மணிக்கே எழுந்து பையைத் தூக்கிட்டு நிக்குது.

எழுப்பிக் கூட்டிட்டு வந்தா மட்டும் போதாது, வந்த பிள்ளைக்கு வேலை குடுக்கணும். கிறிஸ்மஸை ஏன் பிள்ளைங்களுக்குப் பிடிக்குதுன்னு பாருங்க, நட்சத்திரம் ஒட்டுறதும் மரத்துல மணி கட்டுறதும் பிள்ளைங்க வேலை. நம்ம கோயில்ல பிள்ளை வந்தா "ஓடாத, தொடாத, சத்தம் போடாத"ன்னு மூணு உத்தரவு. இந்த மார்கழிக்கு அதை மாத்துறோம். வாசல் கோலத்துல ஒரு பகுதி பிள்ளைங்களுக்கு, கோணலா இருந்தாலும் யாரும் திருத்தக்கூடாது. திருப்பாவை முப்பது பாட்டு, நாளைக்கு ஒண்ணு, அதைத் தொடங்கி வெக்கிறது ஒரு பிள்ளை. திருவெம்பாவை இருபது பாட்டு, திருவாதிரைக்கு முந்தின நாட்கள்ல பாடுவோம். கடைசி வரி ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி முடியும்ங்கிறதால எழுத்துத் தெரியாத பிள்ளைகூட மூணாம் பாட்டுல சேந்துக்கும். மணி அடிக்க முறை வெச்சிருக்கோம், இல்லன்னா சண்டை வரும். பொங்கல் தொன்னையை எடுத்துக் குடுக்கிறது அஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்க, சூடு ஆறின பிறகு.

அப்புறம், விடுமுறைன்னா பேரங்காடிதான்னு யார் சொன்னது? நம்ம ஊர்லேர்ந்து அரை மணி நேரத்துல கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆத்தங்கரையில பெரெம்பாங் மரத்துல ஆயிரக்கணக்கான மின்மினிப் பூச்சி ஒண்ணா மின்னி ஒண்ணா அணையும். உலகத்துல எங்கெங்கிருந்தோ வந்து பாத்துட்டுப் போறாங்க, ஜெராம்ல பொறந்த பிள்ளைங்க பாதிப் பேர் பாத்ததில்ல. படகுல ஏறினதும் கைப்பேசி விளக்கை அணைச்சுடணும், சத்தம் கூடாது. அந்த மரத்தைப் பாத்த பிள்ளை பேரங்காடி மரத்தை அப்புறம் எப்படிப் பாக்கும்னு தெரிஞ்சுக்க எங்களுக்கே ஆசை. மறுநாள் காலையில புக்கிட் மலாவத்தி, கலங்கரை விளக்கம், குரங்குங்க. பையில வாழைப்பழம் வெச்சிருக்கிறது தெரிஞ்சா குரங்கு உங்களைவிட வேகமா எடுத்துக்கும், ஜாக்கிரதை.

சாப்பாட்டு விஷயமா ரெண்டு பேர் கேட்டீங்க. மாலை போட்டிருக்கிற ஐயப்ப பக்தர்களும் மார்கழி விரதக்காரங்களும் கேக் குடுத்தா என்ன செய்யறது? முட்டை இருக்கும், சிலதுல ரம் இருக்கும். ரெண்டு கையால வாங்கிக்குங்க, விரதம்னு சொல்லுங்க, விரதம் இல்லாதவங்களுக்குக் குடுத்துடுங்க. அவங்களுக்குப் புரியும், அவங்களுக்கும் தவக்காலம்னு ஒண்ணு இருக்கு. ஐயப்பன் பேரைச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: கேரளாவுல ஆலப்புழா பக்கம் அர்த்துங்கல்னு ஓர் ஊர்ல புனித அந்திரேயர் தேவாலயம் இருக்கு. சபரிமலையிலேர்ந்து இறங்குற பக்தர்கள்ல நிறைய பேர் அங்க போய் மாலையைக் கழட்டுறது பழைய வழக்கம். ஐயப்பனும் அந்த ஊர் வெளுத்தச்சனும் சிநேகிதர்கள்னு அங்க ஒரு நம்பிக்கை.

ஜனவரி 1 சிறப்பு அர்ச்சனைக்கு நம்ம கோயில்ல வரிசை வாசலைத் தாண்டி நிக்கும். அது எந்தப் பஞ்சாங்கத்துல வருதுன்னு இதுவரைக்கும் யாரும் செய்தி அனுப்பல. இது சும்மா, சிரிக்கிறதுக்கு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லிடுறோம். பிள்ளையாருக்குச் சிவப்புத் தொப்பி மாட்டி, வெள்ளைத் தாடி வரைஞ்சு வாழ்த்துப் படம் போடுறதை விட்டுடுங்க. அது ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்ல. அவங்க சாமியை அவங்க கொண்டாடட்டும், வாழ்த்து சொல்லணும்னா வார்த்தையால சொல்லுங்க, இல்லன்னா ஒரு தட்டு முறுக்கோட போங்க. தாமான்ல உங்க பக்கத்து வீடு கிறிஸ்தவர் வீடான்னுகூடத் தெரியலன்னா இந்த வருஷம் தெரிஞ்சுக்குங்க.

மார்கழி முதல் நாளிலேர்ந்து தினமும் காலை 6 மணிக்குக் கோயில் திறந்திருக்கும், 6.15-க்குப் பாட்டு. டிசம்பர் 25 அன்னைக்கும் உண்டு. அம்மாச்சி வீட்டுக்குப் போற பிள்ளைங்க அன்னைக்கு வர வேண்டாம், மறுநாள் வந்தா போதும், மணி முறை அவங்களுக்கு மாத்தி வெச்சிருக்கோம். சனிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு மண்டபத்துல கதை வகுப்பு, கட்டணம் கிடையாது. பெற்றோரும் கூடவே உக்காரலாம். பொங்கல் உபயத்துக்கு இன்னும் ஆறு நாள் காலியா இருக்கு, முழு நாள் முடியாதவங்க ரெண்டு மூணு குடும்பமாச் சேர்ந்து எடுத்துக்கலாம், பச்சரிசியும் வெல்லமும் பொருளாக் குடுத்தாலும் சரி. கம்போங் குவாந்தான் பயணத்துக்குக் கார் உள்ளவங்க எத்தனை இடம் காலின்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு நீளக்கை சட்டை போட்டுக் கூட்டிட்டு வாங்க, ஆத்தோரம் கொசு அதிகம்.

— கோயில் தொண்டர்கள், ஜெராம்